பெர்லினில் குடியேறுவோருக்கு: எதை முதலில், எதை அடுத்து

பெர்லினுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிற தமிழர்கள் பலரும் முதல் மாதத்திலேயே ஒரு முடிச்சில் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு கேட்கிறார். சம்பளம் போட நிறுவனம் வங்கிக் கணக்கும் வரி எண்ணும் கேட்கிறது. வரி எண் வர, நகர அலுவலகத்தில் முகவரி பதிந்திருக்க வேண்டும். முகவரி பதிய வீடு வேண்டும். இந்த வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் அறுத்தால்தான் மற்றவை நகரும். அறுக்க வேண்டிய இடம் முகவரி. சட்டப்படி பதியக்கூடிய ஒரு தற்காலிக முகவரி கிடைத்துவிட்டால் மற்றவை தாமதமாகவாவது வந்து சேரும். அது இல்லாதபோது நல்ல சம்பளம்கூட உதவாது. அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன்

முதலில் பெயரைப் பாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு ஒரே பெயரில் வாழ்ந்துவிடுகிறோம். ஜெர்மன் படிவங்களில் குடும்பப் பெயர், முன்பெயர் என இரண்டு கட்டங்களும் நிரம்ப வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், ஓர் அலுவலகம் முழுப் பெயரையும் குடும்பப் பெயராக எழுதும். இன்னொன்று முன்பெயருக்குப் பதில் ஒரு கோடு போடும். வங்கி அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதும். பிறகு மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒவ்வோரிடத்திலும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்களையும் நிரப்பிக்கொள்ளுங்கள். வேலை ஒப்பந்தம், பட்டச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கட்டும்.

தந்தையின் பெயரே குடும்பப் பெயராக வரும் வழக்கத்தால் கணவர், மனைவி, குழந்தை மூவருக்கும் மூன்று வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருப்பது நமக்கு இயல்பு. அங்குள்ளவர்களுக்கு அது கேள்வி. குழந்தையைப் பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் பயணம் செய்யும்போதும் பள்ளியில் சேர்க்கும்போதும் பிறப்புச் சான்றிதழின் நகல் கையில் இருக்க வேண்டும். ஜெர்மனியில் குழந்தை பிறக்கப் போகிறதென்றால், எந்தக் குடும்பப் பெயரைக் கொடுக்கலாம் என்று பிறப்பைப் பதியும் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் மூலப் படிகள், பட்டமும் மதிப்பெண் பட்டியலும், முந்தைய நிறுவனங்களின் அனுபவக் கடிதங்கள், ஓட்டுநர் உரிமம், குழந்தைகளின் தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். தடுப்பூசி அட்டையை அலட்சியப்படுத்தாதீர்கள்: தட்டம்மைத் தடுப்பூசிக்குச் சான்று இல்லாமல் குழந்தைகளைப் பாலர் காப்பகத்தில் சேர்க்க முடியாது, இந்தச் சட்டம் 2020 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழில் உள்ள சான்றிதழ்களை ஜெர்மனியில் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்ப்பதே பாதுகாப்பு. ஊரில் செய்த மொழிபெயர்ப்பை எல்லா அலுவலகங்களும் ஏற்பதில்லை.

பெட்டியில் என்ன எடுத்துப் போகலாம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரத் தடை; நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் போன்ற பச்சையான இலை, காய், கனிகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. அரைத்த பொடிகளும் அப்பளமும் கருவாடும் போகும். மிக்ஸியும் எடுத்துச் செல்லலாம், மின்னழுத்தம் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் பொருந்தாது, அடாப்டர் வேண்டும்.

பதியக்கூடிய முதல் முகவரி

விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கான தற்காலிகக் குடியிருப்பை உறுதிசெய்யுங்கள். பொருள்கள் நிரப்பிய சிறு குடியிருப்போ, பகிர்ந்த வீட்டில் ஓர் அறையோ, ஊருக்குப் போயிருப்பவரின் வீட்டில் உள்வாடகையோ எதுவானாலும் சரி. வாடகையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த முகவரியில் பதிவு செய்யலாமா? அவர்கள் இதை ‘அன்மெல்டுங்’ என்பார்கள். பதிவு செய்யலாம் என்று எழுத்தில் பதில் வந்தால் மட்டுமே பணம் கட்டுங்கள். பல விடுமுறைக் குடியிருப்புகள் அதை அனுமதிப்பதில்லை. அலுவலகத்துக்கு அருகில், பதிவில்லாத நல்ல வீடு ஒன்றும், நகர விளிம்பில், பதிவுள்ள சுமாரான அறை ஒன்றும் கிடைத்தால் இரண்டாவதையே எடுங்கள். இதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை.

வீடு மாறிய 14 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்வது ‘பியூர்கர்ஆம்ட்’ என்னும் குடிமக்கள் அலுவலகம். பெர்லினின் 12 வட்டாரங்களில் எங்குள்ள அலுவலகத்திலும் பதியலாம். உங்கள் வட்டாரத்துக்கே போக வேண்டும் என்பதில்லை. முன்பதிவு நேரம் கிடைப்பதுதான் கடினம். நகரத்தின் இணையத்தளத்தில் ‘பெர்லின் முழுவதும்’ என்று தேர்ந்தெடுத்து, காலையில் அலுவலகங்கள் திறக்கும் வேளையில் பாருங்கள். மற்றவர்கள் விட்டுக்கொடுத்த நேரங்கள் நாள் முழுவதும் அவ்வப்போது தோன்றி மறையும். 115 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். நகரின் மறுகோடியில் உள்ள அலுவலகம் கிடைத்தாலும் விட்டுவிடாதீர்கள். 14 நாள் தாண்டித்தான் நேரம் கிடைக்கிறது என்றால் முன்பதிவு செய்ததற்கான மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள்.

போகும்போது பாஸ்போர்ட், நிரப்பிய பதிவுப் படிவம், வீடு தருபவர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிச் சான்று ஆகிய மூன்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்வாடகைக்கு இருந்தால் முதன்மை வாடகைதாரரே அந்தச் சான்றில் கையெழுத்திடலாம். அதைத் தருவது அவரது சட்டக் கடமை. கேட்கத் தயங்க வேண்டாம்.

முகவரியைப் பதிய மட்டும் தருகிறோம், தங்க வேண்டியதில்லை என்று காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். குடியிராத ஒருவருக்குப் பதிவு முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. பொய்யான பதிவு உங்கள் விசாக் கோப்பிலும் பின்தொடரும். குடிமக்கள் அலுவலகத்தின் முன்பதிவு நேரத்தை விற்பவர்களிடமும் வாங்க வேண்டாம். அது இலவசமாகக் கிடைப்பது.

பதிவுப் படிவத்தில் மதம் பற்றி ஒரு கேள்வி வரும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ பதிந்தால் தேவாலய வரி பிடிக்கப்படும். பெர்லினில் அது வருமான வரியில் 9 சதவீதம். நம் கிறிஸ்தவ நண்பர்கள் பலர் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் இதை அறிகிறார்கள். சபைக்கு வரி தருவதும் தராததும் அவரவர் மனம். ஆனால் தெரிந்து முடிவெடுங்கள். பின்னால் விலக வேண்டுமானால் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

தபால் பெட்டி

இந்த நாட்டில் அரசும் வங்கியும் காப்பீடும் காகிதக் கடிதத்தில்தான் பேசுகின்றன. அடுக்குமாடி வீட்டுக்கு இங்கே கதவு எண் எழுதும் வழக்கம் இல்லை. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்தே போடுவார். உங்கள் பெயர் பெட்டியில் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். குடிபுகுந்த அன்றே, பாஸ்போர்ட்டில் உள்ளபடி குடும்பப் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிடுங்கள். இன்னொருவர் வீட்டில் அறை எடுத்திருந்தாலும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

பதிவு முடிந்த சில வாரங்களில் 11 இலக்க வரி அடையாள எண் தபாலில் வரும். வாழ்நாள் முழுவதும் அதே எண்தான். அது வரும்வரை பல நிறுவனங்கள் ஆறாம் வரி வகுப்பில் சம்பளம் போடும் (சம்பளத்தில் மாதாமாதம் எவ்வளவு வரி பிடிப்பது என்பதை முடிவுசெய்யும் பிரிவே வரி வகுப்பு). பிடித்தம் மிக அதிகமாக இருக்கும். பயப்பட வேண்டாம், எண் கிடைத்ததும் சரிசெய்துவிடுவார்கள். திருமணமானவர்கள் கணவர், மனைவி இருவரின் வருமானத்தைப் பார்த்து மூன்று-ஐந்து அல்லது நான்கு-நான்கு என்ற வரி வகுப்புச் சேர்க்கையைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்து வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ. வீட்டில் தொலைக்காட்சி இல்லை என்ற பதில் செல்லாது. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம். அறை பகிர்ந்திருப்பவர்கள் முதலில் உடனிருப்பவர்களிடம் கேளுங்கள். வேறொருவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவரது கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் போதும்.

அரசு அலுவலகமோ நீதிமன்றமோ முறைப்படி அனுப்பும் கடிதம் மஞ்சள் உறையில் வரும். வந்தால் அன்றே பிரியுங்கள். உறையின் மேல் தபால்காரர் எழுதிய தேதியிலிருந்து பதில் தருவதற்கான கெடு தொடங்குகிறது. நீங்கள் படித்த தேதியிலிருந்து அல்ல. அதனால் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். ஊருக்கு ஒரு மாதம் போகும்போது நம்பகமான ஒருவரிடம் தபால் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

மருத்துவக் காப்பீடு

வேலைக்கு வருபவர்கள் முதல் நாளிலிருந்தே காப்பீட்டில் இருக்க வேண்டும். பொதுக் காப்பீடா தனியார் காப்பீடா என்ற கேள்வி அதிகச் சம்பளக்காரர்களுக்கு மட்டுமே எழும். 2026இல் ஆண்டுக்கு 77,400 யூரோவுக்கு மேல் வாங்கும் ஊழியர்களே தனியாரைத் தேர்ந்தெடுக்க முடியும். இளைஞர்களுக்குத் தனியார் காப்பீட்டின் மாதத் தொகை மலிவாகத் தெரியும். குடும்பம் உள்ளவர்களும் குடும்பமாகப் போகிறவர்களும் பொதுக் காப்பீட்டிலேயே இருங்கள் என்பேன். அதில் வருமானம் இல்லாத துணைவருக்கும் குழந்தைகளுக்கும் கூடுதல் தொகை இல்லாமலே பாதுகாப்பு உண்டு. தனியாரில் ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும், வயது ஏற ஏறத் தொகையும் ஏறும், 55 வயதைத் தாண்டிவிட்டால் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்பும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். பொதுக் காப்பீட்டின் அடிப்படைத் தொகை சம்பளத்தில் 14.6 சதவீதம். அதன்மேல் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் சிறு கூடுதல் விகிதம் வைத்திருக்கும். பாதியை முதலாளி கட்டுகிறார்.

உடல் நன்றாக இருக்கும்போதே வீட்டுக்கு அருகில் ஒரு பொது மருத்துவரைத் தேடி, புதிய நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிறாரா என்று கேட்டு வையுங்கள். காய்ச்சலோடு தேடுவது கொடுமை. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் மருத்துவர்களின் கிளினிக்குகள் மூடிய நேரத்துத் தொல்லைகளுக்கு 116117 என்ற எண், உயிர் ஆபத்துக்கும் தீ விபத்துக்கும் 112, காவல்துறைக்கு 110. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் சீட்டில்லாமல் எந்தக் கடையிலும் கிடைக்காது. சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டைக் கொண்டுவாருங்கள். வணிகப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது.

காப்பீடு என்ற பேச்சோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறருக்கு நீங்கள் ஏற்படுத்தும் இழப்புக்கான தனிநபர் பொறுப்புக் காப்பீட்டை வாங்கிவிடுங்கள். மாதம் சில யூரோக்கள்தான். மொத்தக் கட்டடத்துக்கும் சேர்ந்த சாவியைத் தொலைத்தால் எல்லாப் பூட்டுகளையும் மாற்றச் சொல்வார்கள். அந்தச் செலவையும் ஏற்கும் ஒப்பந்தமா என்று பார்த்து வாங்குங்கள்.

வங்கி

இணைய வங்கிகள் விரைவாகக் கணக்குத் திறக்கும். காணொளி வழி அடையாளச் சரிபார்ப்பு எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டுகளையும் ஏற்பதில்லை. அப்போது தபால் நிலையத்தில் நேரில் காட்டும் முறையைக் கேளுங்கள். எல்லா வங்கியும் மறுத்தால், சட்டப்படி குடியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு தர வேண்டும் என்ற உரிமை 2016 முதல் உண்டு. சிறு கடைகளிலும் சில மருத்துவர்களிடமும் அட்டை செல்லாது. பணப்பையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

நிலையான வீடு

பெர்லினில் மிகவும் களைப்பூட்டும் வேலை இதுதான். பல மாதங்கள் பிடிக்கும் என்று மனத்தைத் தயார்செய்துகொண்டு தொடங்குங்கள்.

விளம்பரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது முதல் படி. ‘கால்ட்’ என்று போட்டிருப்பது வெறும் வாடகை. ‘வார்ம்’ என்பதில் வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை, கட்டடப் பராமரிப்பு எல்லாம் சேரும். மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. எப்போதும் ‘வார்ம்’ தொகையை வைத்தே கணக்குப் போடுங்கள். இரண்டு அறை வீடு என்றால் இரண்டு படுக்கையறை என்று பொருளல்ல; கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவார்கள். இன்னொரு அதிர்ச்சி சமையலறை. பல வீடுகளில் அடுப்போ அலமாரியோ கைகழுவும் தொட்டியோ எதுவும் இருக்காது. வெறும் குழாயும் மின் இணைப்பும் மட்டும் சுவரில் தெரியும். முன்பிருந்தவர் தன் சமையலறையை உங்களுக்கு விற்க முன்வரலாம். அதன் விலை நியாயமானதா என்று பாருங்கள், பேரமும் பேசுங்கள்.

விண்ணப்பக் கோப்பு ஒன்றை ஒரே பிடிஎஃப் ஆகத் தயாரித்து வையுங்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள், முந்தைய வீட்டில் வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம், ‘ஷூஃபா’ என்னும் கடன் நம்பகச் சான்று, ஜெர்மன் மொழியில் அரைப் பக்க அறிமுகம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். புதிதாக வந்தவருக்கு ஷூஃபாவில் எதுவும் பதிவாகியிருக்காது. வங்கிக் கணக்கு திறந்து சில மாதம் ஆன பிறகே அந்தச் சான்றுக்கு மதிப்பு. முதல் வாரங்களில் நிலையான வீடு தேட வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று சம்பளச் சீட்டு கைக்கு வரும்போதுதான் உங்கள் விண்ணப்பத்தை ஒருவர் நின்று பார்ப்பார்.

தனியார் விளம்பரத் தளங்களோடு நிற்காதீர்கள். நகரத்துக்குச் சொந்தமான டெகேவோ, கெசோபாவ், கெவோபாக், ஹோவோகே, ஸ்டாட் உண்ட் லாண்ட், டபிள்யூபிஎம் ஆகிய ஆறு வீட்டு நிறுவனங்களின் காலி வீடுகள் ஒரே பொதுத்தளத்தில் வருகின்றன. வாடகை நியாயமாக இருக்கும், ஏமாற்று இருக்காது. கூட்டுறவு வீட்டுச் சங்கங்களிலும் உறுப்பினராகலாம். காத்திருப்பு நீளும், ஆனால் நெடுநாள் இருக்கப்போகிறவர்களுக்கு அதைவிட நிம்மதி இல்லை.

மிட்டே, பிரென்ஸ்லவர் பெர்க் என்று மையப் பகுதியையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஷ்பாண்டாவ், மார்ட்சான், கேப்பனிக், ரைனிக்கன்டோர்ஃப் ஆகிய இடங்களிலும் ரயில் வசதி நன்றாக இருக்கிறது, மரமும் ஏரியும் அருகில் இருக்கின்றன. உங்கள் பெயரைப் பார்த்தே பதில் தராத வீட்டுக்காரர்களும் இருப்பார்கள். அது உண்மை, மனம் கசக்கும். அதை உங்கள் தகுதிக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

ஏமாற்று ஒரே அச்சில் வரும். அழகான படங்கள், மலிவான வாடகை, உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதாக ஒரு கதை, முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்ற உறுதி. வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் நகலையும் பார்வையிடும் முன்பே கொடுக்க வேண்டாம்.

வைப்புத்தொகை மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு. பெர்லினில் 2015 முதல் புதிய வாடகைக்கு உச்ச வரம்பு இருக்கிறது: அந்தப் பகுதியின் ஒப்பீட்டு வாடகையைவிட, அதாவது அங்கே அதேபோன்ற வீடுகளுக்கு வழக்கமான வாடகையைவிட, 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. 2014 அக்டோபருக்குப் பின் முதன்முதலாகக் குடிபுகுந்த கட்டடங்கள் போன்ற சில விலக்குகளும் உண்டு. சந்தேகம் இருந்தால் வாடகைதாரர் சங்கம் ஒன்றில் உறுப்பினராகி ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். அந்த ஆண்டுக் கட்டணத்தை நான் வீண் செலவாக நினைக்கவில்லை.

சாவி வாங்கும் நாளில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவார்கள். சுவர்க் கீறல், தரைக் கறை, ஓடாத ஜன்னல் தாழ் எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்லிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகை திரும்பி வருவது அந்தக் காகிதத்தைப் பொறுத்தது. அன்று மாலையே மின்சார ஒப்பந்தம் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுங்கள். விட்டுவிட்டால் அடிப்படை வழங்குநரின் விலையில் போகும், அது பெரும்பாலும் கூடுதல். புதிய முகவரியையும் 14 நாளுக்குள் மறுபடி பதிய வேண்டும்.

தங்கும் அனுமதி

வெளிநாட்டவர் விவகாரத்தைப் பார்க்கும் பெர்லின் மாநிலக் குடியேற்ற அலுவலகத்துக்குச் சுருக்கமாக எல்ஈஏ என்று பெயர். இங்கே நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே: வேலைக்கோ படிப்புக்கோ வந்த நீண்டகால விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை உங்கள் பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் கருதும். விண்ணப்பித்ததற்கான உறுதியைச் சேமித்து வையுங்கள். அந்த இடைக்காலத்தில் ஊருக்குப் போக வேண்டுமென்றால், அதற்கான இடைக்காலச் சான்றைக் கையில் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். காத்திருப்பு நீளமானது என்பதால் இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

பட்டதாரி ஊழியர்களுக்கான தங்கும் அனுமதியாகிய நீல அட்டைக்கு 2026இல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 50,700 யூரோ; ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு அதைவிடக் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தொகை மாறும். நீல அட்டையில் இருப்பவர்கள் 27 மாத வேலைக்குப் பிறகு நிரந்தர அனுமதி கேட்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 என்னும் இடைநிலைத் தேர்ச்சி இருந்தால் 21 மாதம் போதும். வேலை போனாலோ மாறினாலோ குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு உண்டு. மறைப்பதால் நன்மை இல்லை.

குழந்தைகள்

பெர்லினில் பாலர் காப்பகத்துக்குக் கட்டணம் இல்லை. 2018 ஆகஸ்ட் முதல் இப்படித்தான். உணவுக்கு மாதம் 23 யூரோ மட்டும். ஆனால் இடம் தேடுவது உங்கள் வேலை. வட்டார இளையோர் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்த கையோடு, வீட்டைச் சுற்றியுள்ள காப்பகங்களுக்கு நேரில் போய்ப் பெயர் கொடுங்கள். ஆறு வயதில் பள்ளி கட்டாயம். வீட்டிலேயே கற்பிக்க அனுமதி கிடையாது. ஜெர்மன் தெரியாத பிள்ளைகளை முதலில் வரவேற்பு வகுப்பில் சேர்ப்பார்கள், அங்கே மொழியை விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள். குழந்தை உதவித்தொகை 2026இல் ஒரு குழந்தைக்கு மாதம் 259 யூரோ. வேலை அனுமதியோடு இருப்பவர்கள் பெரும்பாலும் தகுதி பெறுவார்கள். மாணவர் அனுமதியில் பொதுவாகக் கிடைக்காது.

போக்குவரத்து

நகரம் ஏ, பி, சி என மூன்று மண்டலம். விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. வந்திறங்கும் நாளில் ஏபி டிக்கெட் போதாது. நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லை என்பதால் சோதனை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சாதாரண உடையில் வருவார்கள், 60 யூரோ அபராதம். இயந்திரத்தில் வாங்கிய காகித டிக்கெட்டில் முத்திரை குத்தாமல் ஏறினாலும் அதே அபராதம்தான். நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ்களில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. பல நிறுவனங்கள் அதில் ஒரு பகுதியைக் கொடுக்கின்றன, கேளுங்கள்.

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் குடியேறிய ஆறு மாதம் வரைதான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேற வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம்.

வீட்டு ஒழுங்கு

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். மத்திய ரயில் நிலையம் போன்ற பெரிய நிலையங்களில் உள்ள கடைகளும் தெருமுனைப் பெட்டிக்கடைகளும் மட்டும் திறந்திருக்கும். அன்று முழுவதும் அமைதி காக்க வேண்டிய நாள். மற்ற நாள்களில் இரவு 10 முதல் காலை 6 வரை. மாவு அரைப்பதைச் சனிக்கிழமை பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிரைண்டரை ஒரு தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வைத்தால் கீழ்வீட்டுக்கு அதிர்வு போகாது. விருந்து வைக்கிறீர்கள் என்றால் இரண்டு நாள் முன்பு படிக்கட்டில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். அண்டை வீட்டாரோடு பகை வளர்வதும் உறவு மலர்வதும் இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான்.

குளிர்காலத்தில் ஜன்னலை இறுக மூடிச் சாம்பார் கொதிக்கவிட்டால் ஈரம் சுவரில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைக்கு வாடகைதாரரே பொறுப்பென்று வீட்டுக்காரர் வாதிடுவார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, எதிரெதிர் ஜன்னல்களை முழுவதும் திறந்து ஐந்து நிமிடம் காற்று விடுங்கள். பாதி திறந்து மணிக்கணக்காக வைப்பது சூட்டை வீணாக்கும், ஈரத்தை வெளியேற்றாது. தாளிக்கும்போதும் ஜன்னல் திறந்திருக்கட்டும். புகை உணர்த்திகள் எல்லா வீட்டிலும் கட்டாயம்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஆனால் அது கடின நீர். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு வரும், வினிகர் ஊற்றி வைத்தால் போகும். பாட்டில்களுக்கு முன்பணம் உண்டு, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் 25 செண்ட். கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டுப் பணத்தைத் திரும்பப் பெறுங்கள்.

நம் சாப்பாடும் நம் மக்களும்

கறிவேப்பிலைக்கும் பச்சை மிளகாய்க்கும் இலங்கைத் தமிழர் நடத்தும் கடைகள் இருக்கின்றன. லிஷ்டன்பெர்க்கில் உள்ள டாங் சுவான் என்னும் வியட்நாமியச் சந்தைக் கூடங்களில் வெப்பநாட்டுக் காய்கறிகள் மலிவு. செவ்வாயும் வெள்ளியும் மைபாஹுஃபர் கால்வாய்க் கரையில் கூடும் துருக்கியச் சந்தையில் கத்தரிக்காயும் கொத்தமல்லியும் கட்டுக் கட்டாகக் கிடைக்கும்.

இந்த நகரில் தமிழர் வாழ்வு மென்பொருள் வேலையோடு தொடங்கியதல்ல. 1980களில், போருக்குத் தப்பிய ஈழத்தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸ நிலையத்தின் வழியாக ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்து புகலிடம் கேட்டார்கள். 1985இல் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்தது. இன்று நாம் கடையில் கறிவேப்பிலை வாங்குவதும் நொய்க்கோல்ன் வட்டாரத்தின் பிளாஷ்கோஅல்லேயில் மயூரபதி முருகன் கோயிலில் கும்பிடுவதும் அவர்கள் போட்ட அடித்தளத்தின் மேல்தான். யூ7 சுரங்க ரயிலில் பிளாஷ்கோஅல்லே நிலையத்தில் இறங்கி நடக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் அவர்களோடு பழகுங்கள். நாற்பது ஆண்டு ஜெர்மன் அனுபவம் அவர்களிடம் இருக்கிறது. வீட்டு ஒப்பந்தமும் பள்ளிக் கடிதமும் புரியாதபோது அருகில் உட்கார்ந்து படித்துச் சொல்கிற அண்ணாக்களும் அக்காக்களும் அங்கேதான் கிடைப்பார்கள்.

டிசம்பரும் ஜெர்மனும்

டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலை எட்டு மணிக்கு மேல்தான் உதிக்கும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் துணைவருக்கு இந்த மாதங்கள் மிகக் கடினமானவை. அவரைத் தனிமையில் விட்டுவிட்டு உங்கள் அலுவலகத்தை மட்டும் கவனிக்காதீர்கள். பகலில் ஒரு மணி நேரம் வெளியே நடங்கள், மருத்துவரிடம் வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள், வாரத்துக்கு ஒருமுறை யார் வீட்டிலாவது சேர்ந்து சாப்பிடுங்கள்.

அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்பது உண்மை. மருத்துவரின் வரவேற்பாளரிடமும் குழந்தையின் ஆசிரியையிடமும் மஞ்சள் உறைக் கடிதத்திடமும் அது போதாது. பெர்லினின் ஒவ்வொரு வட்டாரமும் ஒரு மக்கள் கல்விக்கூடம் நடத்துகிறது. ‘ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல’ என்று கேளுங்கள். தனியார் வகுப்புகளைவிடக் கட்டணம் மிகக் குறைவு, ஆசிரியர்கள் நல்லவர்கள். துணைவர் அனுமதியில் வந்தவர்கள் 600 மணி மொழிப்பாடமும் 100 மணி நாட்டறிமுகமும் கொண்ட ஒருங்கிணைப்பு வகுப்பில் சேர முடியுமா என்று குடியேற்ற அலுவலகத்தில் கேட்கலாம். மாலை வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் முகவரி பதிந்த அதே வாரத்தில், கணவரும் மனைவியும் இருவருமாகப் போய், எந்த நிலை வகுப்பில் சேர்வது என்று பார்க்கும் நிலைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.